எதிரணியிலிருந்து வந்த நாற்காலி

தோழா,

மழைக்கு முன் எழும் புழுக்கத்தில் இன்று காலை உன் நாற்காலி மணக்கத் தொடங்கியது. மரத்தின் மணமன்று அது. அரக்கு மெருகின் மணம். காரமும் இனிப்பும் கலந்து மூக்கில் ஏறும் புது மெருகின் மணம். முன்னறையில் செய்தித்தாளை விரித்திருந்தவன் அதை மடித்து வைத்துவிட்டு அருகில் சென்று குனிந்து முகர்ந்தேன். பல தலைமுறை கண்டது என்று நீ மேடைதோறும் முழங்கிய நாற்காலி, நேற்றுத்தான் பட்டறையை விட்டு வந்தது போல் ஏன் மணக்க வேண்டும்? நீ மறைந்த பின் வந்த மாதங்களை இந்த வினாவோடுதான் கழித்தேன். இப்போது விடை தெரியும். ஆயினும் மணம் வரும்போதெல்லாம் ஐயமே முதலில் எழுகிறது. விடை அதன் பின்னால் மெல்ல நடந்து வருகிறது.

நீ எனக்கு எதிரணி. ஊர் நம்மை அப்படித்தான் அறியும். பட்டிமன்ற மேடையில் நடுவருக்கு வலப்புறம் நான், இடப்புறம் நீ. நான் இடியென இறங்குவேன். நீ சாரலாய்த் தொடங்கி வெள்ளமாய் முடிப்பாய். ஒருமுறை மாம்பலம் தொடர்வண்டி நிலையத்துக்கு வெளியே ஒரே தட்டில் நாம் வடை தின்றுகொண்டிருந்தபோது, முந்தைய நாள் நம்மைக் கேட்டிருந்த ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போய், “ஐயா, நேத்து அந்தாளு உங்கள அவ்ளோ பேசினாரு, அவரோடயே துன்னுக்கினு இருக்கீங்களே” என்று உண்மையாகவே வருந்தினார். நீ அதைக் கேட்டுவிட்டு, “காசு நான் குடுக்கறேன்னு சொல்லு புலவரே, மன்னிச்சிடுவாரு” என்றாய். மேடையில் தூய தமிழ், இறங்கினால் உன் ஊர்ச் சாந்தோம் தமிழ். அது உன் வழக்கம். எனக்கு மேடையிலும் கீழேயும் ஒரே தமிழ்தான். அதனால்தான் நான் ‘புலவர்’.

உன்னை நான் முழுமையாக நம்பியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நட்பில் அன்று; சொல்லில். முதற்சுற்றில் நீ எதையாவது விட்டுக்கொடுத்தால் எனக்கு முதுகு சில்லிடும். “நண்பர் சொன்னது உண்மைதான்” என்று தலையசைப்பாய். அவையும் தலையசைக்கும். நிறைவுச் சுற்றில், விட்டுக்கொடுத்த அதே சொல்லை எடுத்து என் கழுத்தில் சுருக்காகப் போடுவாய். ஆகவே உன் கையிலிருந்து வரும் எதையும் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அப்படிப்பட்ட நீ, இறந்த பின் எனக்கு ஒரு நாற்காலியை அனுப்பினாய்.

உன் நினைவுத் திருப்பலி முடிந்த அடுத்த கிழமை, உன் மகள் செலின் தொலைபேசியில் அழைத்தாள். பழைய வீட்டை இடிக்கப் போவதாகவும், பொருள்களைப் பிரித்துக் கொடுப்பதாகவும் சொன்னாள். “அந்த ரவுண்டு சேர் உங்களுக்குன்னு அப்பா சொல்லிட்டாரு அங்கிள். அனுப்பறேன்.” ஏன் எனக்கு என்றேன். “அவரே சொல்லாதப்ப நான் எப்படிச் சொல்றது?” என்று பேச்சை மாற்றிவிட்டாள். அந்த மாற்றத்தைக் குறித்துக்கொண்டேன். உன் மகளல்லவா.

நந்தனத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாயிலுக்குக் குட்டியானைச் சரக்குந்து வந்து நின்றது. மின்தூக்கியில் நாற்காலி நுழையவில்லை. படிவழியே தூக்கி வந்த ஓட்டுநர், அதை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, “இன்னா சார், பட்டாபிசேகமா?” என்றார். வட்டமான பிரம்பு இருக்கை. அதைச் சுற்றி ஆறு கால்கள். அரைவட்டமாய் வளைந்த முதுகில் முட்டை வடிவில் பூவேலைகள். உன் வீட்டில் எத்தனையோ மாலைகள் அதன் எதிரே நெகிழி நாற்காலியில் நான் இருந்திருக்கிறேன். அதில் நீ மட்டுமே அமர்வாய். போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன் உன் முன்னோர்க்கு வழங்கியது என்று ஒரு மேடையில் சொன்னாய். இன்னொரு மேடையில் அவன் கத்தோலிக்க ஆயராக மாறியிருந்தான். மூன்றாவது மேடையில் அவுரிச் சாய வணிகன். நான் இதைச் சுட்டிக்காட்டியபோது நீ அசையவே இல்லை. “கேக்கறவங்களுக்கு ஒரு கதை வேணும் புலவரே. நாற்காலிக்கு வேணாம்.”

அன்று மாலையே உன் மகன் அருள் துபாயிலிருந்து அழைத்தான். நலம் கேட்டான். வெயில் பற்றிப் பேசினான். பிறகு குரல் தாழ்ந்தது.

“அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சேர நீங்க கேட்டீங்களா, அப்பாவா குடுத்தாரா?”

நான் கேட்கவில்லை என்றேன். சற்று உரக்கவே சொல்லியிருப்பேன்.

“இல்ல அங்கிள், நீங்க பேசினா யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது. அதான் கேட்டேன்.”

வாழ்நாளெல்லாம் பொன்னாடையோடு எனக்குச் சூட்டப்பட்ட புகழ்ச்சி அது. அன்று அது குற்றச்சாட்டாக வந்து நின்றது. நோயில் கிடந்த நண்பனிடம் நாவன்மை காட்டி, பிள்ளைகளுக்கு உரிய குடிப்பொருளைப் பறித்தவன். அருள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் குரல் அதைச் சுற்றியே வந்தது. நாளை பத்துப் பேர் அப்படிச் சொன்னால் நான் எந்த மேடையில் ஏறி மறுப்பேன்? மறுத்துப் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவன் கூற்றுக்குச் சான்றாகுமே. எனக்கு ஒரே ஒரு வழி தோன்றியது. நாற்காலி விலையற்றது என்று நிறுவ வேண்டும். ஒன்றுக்கும் உதவாத பொருளை எவனும் பேசிப் பறிக்க மாட்டான்.

பழம்பொருள் வைத்திருப்போரெல்லாம் அது விலைமிக்கதாய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். நான் போலியாய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மெருகின் மணம் எனக்கு நம்பிக்கை ஊட்டியது.

முதலில், தியாகராய நகரில் பழைய மரப்பொருள்களை வாங்கி விற்கும் ஒருவரை வரவழைத்தேன். அவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்புறத்தில் வெள்ளை வண்ணத்தில் ஓர் எண் எழுதியிருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஐயா, இது கோடம்பாக்கம் சரக்கு. ராசா கதைப் படத்துக்கு செட்டு போடுவாங்க பாருங்க, அதுக்கு வாடகைக்கு உட்ற கடைக்காரன் போட்ட நம்பர் இது. போர்ச்சுகீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. வாசன பாருங்க, புதுசு.”

என் நெஞ்சு குளிர்ந்தது. அருளுக்கு அழைத்துச் சொல்லும் சொற்களைக் கூட மனத்தில் கோத்துவிட்டேன். அப்போது அவர், “இருந்தாலும் ஐயாவுக்கோசரம் நானே எடுத்துக்கினு போறேன். வண்டி கீழதான் நிக்குது” என்றார். வேண்டாம் என்றேன். தொகையை உயர்த்தினார். மீண்டும் வேண்டாம் என்றேன். மீண்டும் உயர்த்தினார். விலையற்ற பொருளுக்கு வண்டியோடு வந்து நிற்பவரை எப்படி நம்புவது? ஏன் இவ்வளவு விருப்பம் என்று கேட்டதற்கு, “ஒரு ஆசதான்” என்று சுவரைப் பார்த்தார். குளிர்ந்த நெஞ்சு மறுபடி வெந்தது.

நீ அப்போது எதிரில் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய் என்று அறிவேன். ஒருவர் இகழ்ந்தால் வாங்கத் திட்டமிடுகிறார். புகழ்ந்தால் விற்கத் திட்டமிடுகிறார். பேசாதிருந்தால் இரண்டுக்கும் திட்டமிடுகிறார். இப்படி எண்ணத் தொடங்கிய மனத்துக்கு உறக்கம் ஏது?

அடுத்து, ஏல நிறுவனங்களுக்காகப் பழம்பொருள்களை மதிப்பிடும் பெண்மணி ஒருவரை அடையாற்றிலிருந்து அழைத்தேன். கலை வரலாறு படித்தவர். வந்தவுடன் நாற்காலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, இதை விற்கப் போகிறீர்களா என்றார். இல்லை என்றேன். காப்பீட்டுக்காகவா? இல்லை. “அப்போ எதுக்கு சார் மதிப்பு?” போலியென்று கேட்கவே அழைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் மதிப்பிட்ட முறை உனக்குப் பிடித்திருக்கும். பூவேலையை ஏறிட்டும் பார்க்கவில்லை. பூவேலையை எவரும் செய்துவிடலாம் என்றார். யாரும் மெருகிடாத அடிப்புறத்தைக் கைவிளக்கு கொண்டு நெடுநேரம் பார்த்தார். அங்கே மரம் தானாகவே கருத்திருந்தது. கால்களைக் குறுக்கே இணைக்கும் சட்டங்களைத் தடவினார். அமர்ந்தவர்களின் குதிகால் படும் இடங்கள் மட்டும் குழிந்திருந்தன. போலி செய்பவர் எல்லா இடத்தையும் ஒரேபோல் தேய்ப்பாராம். பிறகு விட்டம் அளக்கும் கருவியை எடுத்துக் கடைசல் கால்களை ஒவ்வொன்றாகக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தார். கடைந்தபோது சரிவட்டமாய் இருந்த மரம், காலம் செல்லச் செல்ல ஒருபக்கமாய்ச் சுருங்கி மிகச் சிறிதளவு முட்டை வடிவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். நான்கு கால்கள் அவ்வாறு சுருங்கியிருந்தன. இரண்டு மட்டும் சரிவட்டமாய் நின்றன.

“இந்த ரெண்டும் பின்னாடி மாத்தினது. மத்ததெல்லாம் ஒரிஜினல் சார். தோதகத்தி மரம், ரோஸ்வுட். போர்ச்சுகீஸ் இல்ல, டச்சுக்காரங்க விரும்பின டிசைன். ஆனா செஞ்சது நம்ம சோழமண்டலக் கரை ஆளுங்கதான். இருநூறு வருசத்துக்குக் கொறையாது.”

வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினேன். என் கடைசி நம்பிக்கை அது. படப்பிடிப்புக்கு ஒருகாலத்தில் வாடகைக்குப் போயிருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. அதற்காகவே செய்யப்பட்டது என்று காட்டவில்லை என்றார். மணத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “அதான் சார் வருத்தம். யாரோ சமீபத்துல சுரண்டிட்டுப் புதுசா மெருகு போட்டிருக்காங்க. பழைய மேல்பூச்சு இருந்திருந்தா மதிப்பே வேற. நெறைய பேர் பண்ற தப்புதான். அழகா கொடுக்கணும்னு நெனச்சு பாழ் பண்ணிடுவாங்க.”

அவ்வளவு பாழான பின்னும் அவர் சொன்ன தொகையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அருளின் வினாவுக்கு நானே கூர் தீட்டியதாகும். விற்றுத் தரும் எண்ணம் உண்டோ என்று அவரையும் ஐயுற்று, அதை நேரிலேயே கேட்டும்விட்டேன். “நீங்க மதிப்பு கேட்டீங்க, சொன்னேன். விக்கச் சொல்லலையே” என்று அவர் பையை மூடினார். வாயிலில் நின்று, நூறாண்டு கடந்த பொருள் என்பதால் இதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பச் சட்டம் இடந்தராது என்பதையும் நினைவூட்டிச் சென்றார்.

இனி ஒரே ஒருத்தியைத்தான் ஐயுற வேண்டியிருந்தது. மறுநாள் செலினைப் பார்க்கப் பட்டினப்பாக்கம் சென்றேன். கடற்கரையோரம் அவள் இப்போது குடியிருக்கும் சிறு வீட்டில் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நான் அமரவும் இல்லை. மேடையில் நிற்பது போலவே நின்றேன். பொருளின் மதிப்பைச் சொன்னேன். இது உங்களுடையது, நாளையே திருப்பி அனுப்புகிறேன், உன் அண்ணன் என்னைத் திருடனென்று எண்ணுவதற்குள் எடுத்துக்கொள் என்றேன். அவள் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“உக்காருங்க அங்கிள். ஏன் குடுத்தாருன்னு நீங்களா வந்து கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாரு அப்பா. நீங்க இன்னும் அதக் கேக்கவே இல்ல. வெலயப் பத்தித்தான் பேசிக்கினு இருக்கீங்க.”

அமர்ந்தேன். கேட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், எனக்குத்தான் மறந்து போயிருந்தது. உங்கள் பங்குக் கோவில் திருவிழாவில் ஒரு பட்டிமன்றம். குடிப்பொருள் பிறந்தவர்க்கு உரியதா, பேணுபவர்க்கு உரியதா என்பது பொருள். நம் தொழிலின் முறையை அவை அறியாது. எந்த அணி என்பதை நாம் தேர்வதில்லை, அமைப்பாளர் சொல்வார். மகிழுந்தில் போகும்போதுதான் எனக்கு எந்தப் பக்கம் என்றே கேட்பேன். எந்தப் பக்கம் வந்தாலும் உயிரைக் கொடுத்துப் பேசுவேன், இறங்கியதும் மறந்துவிடுவேன். அன்று எனக்குப் பேணுபவர் அணி. ஒரு பொருளைப் பெற்றுவிட்டதால் அது ஒருவனுக்கு உரியதாகிவிடாது. அதன் அருகில் அமர்ந்து, அதன் கதையைக் கேட்டு, அதன் பொய்களைக்கூட நினைவில் வைத்திருப்பவனே அதற்கு உரியவன் என்று இடித்தேனாம். நீ எழுந்து, என் நாற்காலி என் மகனுக்கே, எந்தப் புலவனுக்கும் இல்லை என்று கைதட்டல் வாங்கினாய். நடுவரும் உன் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

செலின் சொன்னாள்: “வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேர்ல உக்காந்து பூவேலயத் தடவிக்கினே இருந்தாரு. அப்பறம் சொன்னாரு, ‘தீர்ப்பு என் பக்கம் வந்துச்சும்மா. நியாயம் புலவர் பக்கந்தான் கீது. என் எதிர்ல உக்காந்து நான் வுட்ட கதையெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கறவன் அவன்தான்.’ ஒடம்பு முடியாம போறதுக்கு முன்னாடியே பாலிசுக்கு ஆள் வெச்சாரு. கிழிஞ்ச சட்டையோட யாரும் புது வீட்டுக்குப் போவாங்களான்னு கேட்டாரு.”

மீன் செதில்கள் தாளின் மேல் மின்னிக்கொண்டிருந்தன. மேடைக்குப் பின்புறத்தை என்னைப் போலவே அறிந்தவன் நீ. சினம் எங்கே கூட்டப்படுகிறது, கண்ணீர் எங்கே வைக்கப்படுகிறது, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவன். உலகில் எவன் என் பேச்சை நம்பினாலும் நீ நம்பமாட்டாய் என்ற துணிவில்தானே உன் எதிரே நின்று அவ்வளவு முழங்கினேன். கடைக்காரரை ஐயுற்றேன், மதிப்பிட்டவரை ஐயுற்றேன், உன் மகளை ஐயுற்றேன், உன்னையும் ஐயுற்றேன். உன்னிடமிருந்து நாற்காலியைப் பேசி வாங்கியவன் நானேதான் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

அங்கிருந்தே அருளைக் காணொளியில் அழைத்தேன். செலின் தொலைபேசியைத் தண்ணீர்க் குவளையின் மேல் சாய்த்து வைத்தாள். நீ கேட்டது சரிதான் தம்பி, நான் பேசித்தான் வாங்கியிருக்கிறேன், எனக்கே தெரியாமல் வாங்கியிருக்கிறேன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அணியை அமைப்பாளர் தந்ததையும் மறைக்கவில்லை. துபாய்க்கு அனுப்ப முடியாது, ஆனால் உன் தங்கை வீட்டில் உன் பெயரால் இருக்கட்டும் என்றேன். செலின் அடுக்கிய பெட்டிகளைக் கண்ணால் காட்டி வேண்டாமென்று தலையசைத்தாள். இடமில்லை என்பதற்காக மட்டும் அன்று; உன் சொல்லுக்காகவும்.

அப்பா சொன்னதை மாற்ற வேண்டாம் என்றான் அருள். தன்னிடம் அவர் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்பதுதான் தன்னை அரித்தது என்றான். அதன் பின் கேட்டான்:

“அன்னைக்கு மேடையில சொன்னத நீங்க நம்பறீங்களா அங்கிள்?”

எத்தனையோ அவைகளில் எத்தனையோ குறுக்கு வினாக்களுக்கு விடையிறுத்தவன் நான். அந்தச் சிறு வீட்டில், மீன் மணத்துக்கும் கடல் இரைச்சலுக்கும் நடுவே, குவளையின் மேல் சாய்ந்திருந்த தொலைபேசியை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்தேன். “சரி, வெச்சிக்கங்க. கிறிஸ்மசுக்கு வரப்போ வந்து பாக்கறேன்” என்றான் உன் மகன். நாற்காலியையா, என்னையா என்று சொல்லவில்லை.

இப்போது நாள்தோறும் அதைத் துடைக்கிறேன். கப்பல் தலைவனையும் ஆயரையும் அவுரி வணிகனையும் வரிசை மாறாமல் எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன். டச்சுக்காரரை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அதில் இன்னும் அமரவில்லை. எதிரே வேறொரு நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொள்கிறேன். சென்ற கிழமை ஓர் அமைப்பாளர் அழைத்து, வழக்கத்துக்கு மாறாக, எந்த அணி வேண்டும் என்று கேட்டார். எதுவாயினும் சரி என்று சொல்லப் போனவன், பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவையில் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், வீட்டுக்குப் போய் நம்பிவிடுவார் என்ற அச்சம் வந்துவிட்டது. நீ தந்து போனவற்றுள் கனமானது அதுதான்.

அந்தத் திருவிழாப் பேச்சு உன்னை வென்றது, தோழா. என்னை இன்னும் வெல்லவில்லை. ஒவ்வொரு காலையும் அதன் எதிரே அமர்ந்து, அது வெல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன்.